‘இஃப்’ வந்தால் ‘வாஸ்’ எப்போது, ‘வேர்’ எப்போது?

‘இஃப் ஐ வேர் யூ’ (நான் நீங்களாக இருந்தால்) என்னும் ஆங்கில வசனத்தைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் ஒரு கையாவது உயரும். ‘ஐ’ என்பது நான் ஒருவன்தானே, அதற்கு ‘வாஸ்’ என்றல்லவா வரவேண்டும், பன்மைக்குரிய ‘வேர்’ எப்படி வந்தது என்று கேட்பார்கள். திருகோணமலையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைகளும், நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளில் வேலை தேடும் இளைஞர்களும் ஒன்றாக அமர்ந்திருப்பார்கள். இரு சாராருக்கும் இந்த ஐயம் பொதுவானது. மூதூரிலிருந்து வந்த ஒரு மாணவி, “சேர், ஒருவரை நாங்கள் ‘அவர்’ என்று சொல்வதுபோல ‘ஹி வேர்’ என்பதும் மரியாதைப் பன்மையா?” என்று கேட்டாள். அது சரியான விளக்கமன்று என்றாலும், ஒரு வினைவடிவம் எண்ணிக்கையை மட்டும் காட்டுவதில்லை என்பதை அவள் தன் மொழியிலிருந்தே உணர்ந்திருந்தாள். அந்த உணர்விலிருந்தே இந்த வழிகாட்டியைத் தொடங்குகிறேன்.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழெழுத்திலேயே தருகிறேன். ‘வேர்’ என்று நான் எழுதும் இடமெல்லாம் ‘எங்கே’ எனப் பொருள்படும் வினாச்சொல்லைக் குறிக்காது. ‘வீ வேர்’, ‘தே வேர்’ என்று நாம் படித்த, ‘இருந்தோம்’, ‘இருந்தார்கள்’ என்னும் பொருளுடைய வினையையே குறிக்கும்.

முதலில் மனத்திலிருந்து அகற்றவேண்டியது, ‘இஃப் ஐ வேர்’ என்பதில் உள்ள ‘வேர்’ பன்மை என்னும் எண்ணம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு ஒரு வடிவமும், உள்ளதல்லாததை நினைத்துச் சொல்வதற்கு வேறொரு வடிவமும் இருந்தன. ‘நான் இருந்தேன்’ என்று நடந்ததைச் சொல்லும்போது இன்றைய ‘வாஸ்’ என்பதன் முன்னோடியும், ‘நான் இருந்தால்’ என்று கற்பனையாகச் சொல்லும்போது ‘வேர’ என்று ஒலிக்கும் ஓர் ஒருமை வடிவமும் வழங்கின. கற்பனைப் பன்மைக்கு இறுதியில் ‘ன்’ ஒலி சேர்ந்த தனி வடிவம் இருந்தது. காலப்போக்கில் இறுதி ஒலிகள் தேய்ந்து, கற்பனைக்குரிய அந்த ஒருமையும் சாதாரண இறந்தகாலப் பன்மையும் ஒரே ஓசையில் வந்து நின்றன. ஆகவே ‘இஃப் ஐ வேர்’ என்பதில் நாம் காண்பது பன்மையைப் போலத் தோற்றமளிக்கும் பழைய ஒருமையே. ஜேர்மன் மொழி ஆங்கிலத்துக்கு உறவுமொழி. அதில் இந்த இரு வடிவங்களும் இன்றும் தனித்தனியே இருக்கின்றன. உங்கள் உறவினரின் பிள்ளைகள் ஜேர்மனியில் படித்தால் கேட்டுப் பாருங்கள். ‘இஷ் வார்’ என்றால் ‘நான் இருந்தேன்’ என்றும், ‘வென் இஷ் டு வேர’ என்றால் ‘நான் நீயாக இருந்தால்’ என்றும் அந்தப் பிள்ளைகள் தயங்காமல் சொல்வார்கள்.

கற்பனைக்கு ஏன் இறந்தகாலச் சாயலுள்ள சொல் வேண்டும் என்று அடுத்துக் கேட்பார்கள். இதற்கு விடை தேடி ஆங்கில நூலைப் புரட்ட வேண்டியதில்லை. ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோம். ‘பெய்தது’ என்னும் இறந்தகால அடியோடுதான் ‘ஆல்’ சேர்ந்திருக்கிறது, ஆனாலும் நேற்றைய மழையை யாரும் நினைப்பதில்லை. ‘நாளை அவன் வந்தால்’ என்பதிலும் ‘வந்த்’ என்பது இறந்தகால அடியே. நிபந்தனை என்று வந்துவிட்டால் இறந்தகாலத் தோற்றம் காலத்தைக் காட்டாமல், நடந்துவிட்ட உண்மையிலிருந்து விலகி நிற்பதையே காட்டும் என்பது நமக்குத் தாய்மொழியிலேயே பழக்கமானது. வேறுபாடு ஒன்றுண்டு. தமிழில் ‘நான் இருந்தால்’, ‘அவர்கள் இருந்தால்’ என்று யாவருக்கும் ஒரே வடிவம் நிற்கிறது. நடக்கக்கூடியதற்கும் நடக்க முடியாததற்கும்கூட ‘இருந்தால்’ என்பதே போதும். ஆங்கிலமோ இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்படி கேட்கிறது. எனவே ‘எத்தனை பேர்’ என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ‘இது உண்மையா, உண்மையல்லவா, எனக்குத் தெரியாதா’ என்று கேட்கப் பழகுங்கள். இனி வரும் படிகள் யாவும் இந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் கேட்பதற்கான வழிகளே.

முதற்படியில், தெரிவு செய்யவேண்டிய தேவை உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘இரு’ என்னும் பொருளுடைய ‘பி’ வினைக்கு மட்டுமே இந்தச் சிக்கல் உண்டு. ‘இஃப் ஐ நியூ’, ‘இஃப் ஷி லிவ்ட் இன் கிண்ணியா’ போன்றவற்றில் இறந்தகால வடிவமும் கற்பனை வடிவமும் ஒன்றே. ‘பி’ வினையிலும் ‘யூ’, ‘வீ’, ‘தே’ ஆகியவற்றுக்கு எப்படியும் ‘வேர்’தான். ஆக, ‘ஐ’, ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ ஆகிய நான்கும் ஒருமைப் பெயர்களும் எழுவாயாக வரும்போது மட்டும் நின்று யோசித்தால் போதும்.

இரண்டாம் படியில், அந்த ‘இஃப்’ நிபந்தனைதானா என்று சோதியுங்கள். ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்னும் ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தமிழில் அவை இரண்டும் வெவ்வேறு உருபுகளால் வருவதால், மொழிபெயர்த்துப் பார்ப்பதே சிறந்த சோதனை. ‘ஹி ஆஸ்க்ட் இஃப் ஐ வாஸ் ரெடி’ என்பதைத் தமிழாக்கினால் ‘நான் ஆயத்தமா என்று கேட்டார்’ என்று வரும். ‘ஆயத்தமாக இருந்தால் கேட்டார்’ என்று வராது. ‘-ஆ என்று’ எனத் தமிழ் வருமானால் அது மறைமுக வினா. அங்கே ‘வாஸ்’ எழுதுங்கள். ‘-ஆல்’ என்று வந்தால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

மூன்றாம் படியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஆகவே சற்று நிதானமாக வாருங்கள். ‘இஃப்’ வந்தால் ‘வேர்’ என்று யாரோ ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்ததை மனனம் செய்துகொண்டு, எல்லா இடத்திலும் அதையே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தம்பி நேற்று மாலை இறங்குதுறைப் பக்கம் போனானா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். போயிருந்தால் கப்பலைக் கண்டிருப்பான் என்று சொல்ல விரும்புகிறீர்கள். ‘இஃப் ஹி வாஸ் அட் த ஜெட்டி யெஸ்டர்டே, ஹி மஸ்ட் ஹாவ் சீன் த ஷிப்’ என்பதே சரி. இங்கே ‘வேர்’ எழுதினால், அவன் அங்கே இல்லை என்று உங்களுக்குத் தெரியும் என்ற பொருளை நோக்கி வசனம் சாய்ந்துவிடுகிறது. ‘வேர்’ வரவேண்டிய இடத்தில் ‘வாஸ்’ எழுதினால் நடை சற்றுத் தளர்வதோடு போய்விடும். ‘வாஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘வேர்’ எழுதினாலோ பொருளே பிறழ்கிறது. அதனால் இந்த இரண்டாவது பிழையைத்தான் நான் கூடுதலாகத் திருத்துகிறேன்.

இதற்கும் தமிழில் ஒரு சோதனை உண்டு. ‘-ஆல்’ என்பதை எடுத்துவிட்டு, வினைமுற்றோடு ‘என்றால்’ சேர்த்துப் பாருங்கள். ‘தம்பி நேற்று அங்கே நின்றான் என்றால், கப்பலைக் கண்டிருப்பான்’ என்பது இயல்பாக ஒலிக்கிறது. ‘நேற்று இரவுப் புகையிரதம் தாமதமாக வந்தது என்றால், அவள் வகுப்பைத் தவறவிட்டிருப்பாள்’ என்பதும் அப்படியே. இவ்வாறு மாற்ற முடிந்தால் அது உண்மையில் நடந்திருக்கக்கூடிய, நமக்குத் தெரியாத செய்தி. அதற்கு ‘வாஸ்’ உரியது. ‘நான் பறவையாக இருந்தால்’ என்பதை ‘நான் பறவையாக இருந்தேன் என்றால்’ என்று மாற்றிப் பாருங்கள், நாவே மறுக்கும். அந்த மறுப்புத்தான் ‘வேர்’ எழுதுவதற்கான அறிகுறி.

இதே படியில் இன்னொரு பொறியும் இருக்கிறது. முதன்மை வசனத்தில் ‘வுட்’ இருந்தால் ‘வேர்’ எழுதவேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். பெரும்பாலும் உதவும் விதிதான், ஆனால் எப்போதும் அல்ல. கடற்றொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்த ஒருவர், தம் சிறுவயது நினைவாக, ‘கடல் கொந்தளித்தால் அப்பா கரையிலேயே நிற்பார்’ என்று எழுதுகிறார் எனக் கொள்வோம். ஆங்கிலத்தில் இது ‘இஃப் த சீ வாஸ் ரஃப், மை ஃபாதர் வுட் ஸ்டே அஷோர்’ என்று வரும். இங்குள்ள ‘வுட்’ கற்பனையைக் காட்டவில்லை. அக்கால வழக்கத்தைக் காட்டுகிறது. நம்முடைய ‘நிற்பார்’ என்பதும் எதிர்கால வடிவில் நின்று கடந்தகால வழக்கத்தைச் சொல்கிறது. ‘அந்த நாளில் நாங்கள் பாதையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போவோம்’ என்று பெரியவர்கள் சொல்வதும் இதே அமைப்புத்தான் (‘பாதை’ என்பது இங்கே ஆளையும் வாகனத்தையும் ஏற்றி நீரைக் கடத்தும் மிதவை). ‘கொந்தளித்தால்’ என்பதைக் ‘கொந்தளிக்கும் போதெல்லாம்’ என்று மாற்றியும் பொருள் கெடவில்லையானால், ‘வுட்’ இருந்தாலும் ‘வாஸ்’ என்றே எழுதுங்கள்.

நான்காம் படிக்கு வந்தவர், ‘வேர்’ வாழும் இடத்துக்கு வந்துவிட்டார். நிபந்தனைப் பகுதியைச் சொல்லிவிட்டு, அதன் பக்கத்தில் ‘ஆனால் உண்மை அப்படி இல்லை’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால், பேசுவதும் இப்போதைய நிலை பற்றியானால், ‘வேர்’ எழுதுங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் வாகனங்களும் மக்களும் பாதையில்தான் நீரைக் கடந்தார்கள். ஆகவே இன்று ஒருவர், ‘பாலம் இல்லாவிட்டால் இன்றும் பாதைக்காகக் காத்துக்கொண்டிருப்போம்’ என்று சொன்னால், பாலம் இருக்கிறது என்ற உண்மைக்கு எதிராக நினைத்துப் பார்க்கிறார். ‘இஃப் தேர் வேர் நோ பிரிட்ஜ் அட் கிண்ணியா, வீ வுட் ஸ்டில் பி வெயிட்டிங் ஃபோர் த ஃபெரி’ என்று இது வரும். ‘நோ பிரிட்ஜ்’ என்பது ஒருமை என்று இங்கே யாரும் தயங்க வேண்டியதில்லை. ‘பாலம் மட்டும் இல்லையென்றால்’ என்று அழுத்திச் சொல்ல விரும்பினால், ‘இஃப் இட் வேர் நொட் ஃபோர் த பிரிட்ஜ்’ என்னும் நிலைத்த தொடர் கைகொடுக்கும்.

‘இஃப் ஐ வேர் யூ’ இந்தப் படியின் தலைமகன். நான் ஒருபோதும் நீங்களாக முடியாது. ஆகவே அது எப்போதும் உண்மைக்கு எதிரானது. நம் ஊர்ப் பேச்சில், ‘நானெண்டா அந்த வேலைக்குப் போகமாட்டன்’ என்று ஒருவர் ஆலோசனை சொல்கிறாரே, அந்த ‘நானெண்டா’ என்பதற்குச் சரிநிகரான ஆங்கிலத் தொடர் இதுதான். நெருங்கியவருக்கு ஆலோசனை சொல்லும்போது ‘யூ ஷுட்’ என்று தொடங்குவதைவிட இது மென்மையாக ஒலிக்கும். விடுதி வரவேற்பறையில் வேலைக்குச் சேர்கிறவர்கள் இதைக் கட்டாயம் பழகவேண்டும். மாரிக்காலத்தில் புறாமலைத் தீவுக்குப் படகில் போகக் கேட்கும் விருந்தினரிடம், ‘இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் வெயிட் அண்டில் த சீ இஸ் காம்’ என்று சொல்லலாம்.

ஐந்தாம் படி, கடந்துபோன காலத்தில் நடக்காததைப் பற்றியது. இங்கே ‘வாஸ்’ என்பதும் இல்லை, ‘வேர்’ என்பதும் இல்லை. ‘ஹாட் பீன்’ வேண்டும். தமிழில் இதற்கு ‘இருந்திருந்தால்’ என்று இரட்டித்த அருமையான வடிவம் இருக்கிறது. ‘1995இல் பாலம் இருந்திருந்தால் அவர்கள் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்’ என்பதை, ‘இஃப் த பிரிட்ஜ் ஹாட் பீன் தேர் இன் 1995, தே வுட் ஹாவ் ரீச்ட் த ஹொஸ்பிட்டல் இன் டைம்’ என்று எழுதலாம். பேச்சில் நாம் ‘அப்ப பாலம் இருந்தா போயிருப்பினம்’ என்று சுருக்கிவிடுவதால், ஆங்கிலத்திலும் ‘வேர்’ என்று நிறுத்திவிடுகிறோம். முதலில் உங்கள் தமிழ் வசனத்தைத் திருத்தமாக எழுதுங்கள். ‘இருந்திருந்தால்’ என்று வந்தால் ‘ஹாட் பீன்’ தானாகவே நினைவுக்கு வரும்.

‘இஃப்’ இல்லாமலும் இதே தெரிவு சில இடங்களில் வரும். ‘ஐ விஷ் ஐ வேர் அட் ஹோம்’ என்பதில், நான் இப்போது வீட்டில் இல்லை என்ற உண்மை அடங்கியிருக்கிறது. ‘ஆஸ் இஃப்’ என்பது நம்முடைய ‘போல’. ‘ஹி டோக்ஸ் ஆஸ் இஃப் ஹி வேர் த ஓனர்’ என்றால், அவன் முதலாளி அல்லன், ஆனால் முதலாளிபோலக் கதைக்கிறான் என்று பொருள். ஆனால் வானத்தைப் பார்த்து ‘மழை வரும்போல் இருக்கிறது’ என்று சொல்லும்போது மழை வரக்கூடியதே. அங்கே ‘இட் லுக்ஸ் ஆஸ் இஃப் இட் இஸ் கோயிங் டு ரெய்ன்’ என்று நிகழ்காலத்தையே வைக்கவேண்டும்.

‘இஃப்’ என்ற சொல்லை நீக்கி வினையை முன்னுக்குக் கொண்டுவரும் அமைப்பில் ‘வாஸ்’ என்பதற்கு இடமே இல்லை. ‘வேர் ஐ இன் யுவர் பொசிஷன்’ என்றால் ‘நான் உங்கள் நிலையில் இருந்தால்’ என்று பொருள்படும். ‘வாஸ் ஐ’ என்று தொடங்கினால் அது கேள்வியாகிவிடும். முறைசார்ந்த கடிதங்களிலும் பேச்சுகளிலும் வரும் அமைப்பு இது. தொடக்கநிலையில் வாசித்து விளங்கிக்கொண்டால் போதும்.

இத்தனையும் படித்தபின், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ‘இஃப் ஐ வாஸ் ரிச்’ என்று சொல்வதைக் கேட்டுக் குழம்பாதீர்கள். பிரித்தானியப் பேச்சு வழக்கில் இது மிகச் சாதாரணம். நூற்றாண்டுகளாக நல்ல எழுத்தாளர்களும் இப்படி எழுதியிருக்கிறார்கள். மற்ற வினைகளிலெல்லாம் கற்பனைக்கென்று தனி வடிவம் மறைந்துவிட்டதால், எஞ்சியுள்ள இந்த ஒன்றும் பேச்சில் தளர்ந்து வருகிறது. ஆகவே ஒருவர் கதைக்கும்போது குறுக்கிட்டு அவரைத் திருத்துவதை நான் விரும்புவதில்லை. ஆனால் பரீட்சைத் தாளிலும், விண்ணப்பத்திலும், அலுவலகக் கடிதத்திலும் ‘வேர்’ என்றே எழுதும்படி என் மாணவர்களை வற்புறுத்துகிறேன். அங்கே அதை யாரும் குறையாகக் கொள்ளமாட்டார்கள், ‘வாஸ்’ எழுதினால் சிலர் குறையாகக் கொள்ளக்கூடும். ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதை மட்டும் பேச்சிலும் மாற்றாமல் வைத்திருங்கள்.

விண்ணப்பம் என்றதும், இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்றைச் சொல்லவேண்டும். சென்ற ஆண்டு ஓர் இளைஞர் ஒரு விடுதி வேலைக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். அதன் இறுதியில் ‘இஃப் ஐ வாஸ் செலக்டட், ஐ வுட் வேர்க் ஹார்ட்’ என்று எழுதி, ‘வாஸ்’ என்பதை வெட்டி ‘வேர்’ ஆக்கி, மறுபடியும் ‘வாஸ்’ ஆக்கியிருந்தார். இரண்டும் அங்கே வேண்டாம் என்றேன். ‘வேர்’ என்று எழுதினால், தம்மைத் தெரிவு செய்யமாட்டார்கள் என்று அவரே நினைப்பதுபோல் ஆகும். ‘வாஸ்’ அதே பொருளைத் தளர்ந்த நடையில் சொல்லும். தெரிவு செய்யப்படக்கூடிய தகுதி அவருக்கு இருந்தது. நடக்கக்கூடிய எதிர்காலத்தை ஆங்கிலம் நிகழ்கால வடிவத்தில்தான் சொல்கிறது. ‘இஃப் ஐ ஆம் செலக்டட், ஐ வில் வேர்க் ஹார்ட்’ என்று மாற்றி எழுதினோம். தமிழில் இரண்டுக்கும் ‘தெரிவு செய்யப்பட்டால்’ என்ற ஒரே தொடர் போதும் என்பதால், இந்த வேறுபாடு நம் கண்ணுக்குப் படுவதில்லை. எதிர்காலத்தைப் பற்றிய உங்கள் ஒவ்வொரு ‘இஃப்’ வசனத்திலும், இது நடக்கக்கூடியது என்று நீங்கள் நம்புகிறீர்களா என்று கேளுங்கள். நம்பினால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ ஆகியவற்றுள் உரியதை எழுதுங்கள்.

பயிற்சிக்கு ஒரு கொப்பியை எடுத்து, பக்கத்தின் இடப்புறம் உங்கள் நாளாந்த வாழ்விலிருந்து ‘-ஆல்’ வரும் பத்துத் தமிழ் வசனங்களை எழுதுங்கள். சந்தையில் மீன் மலிவாக இருந்தால், நேற்றுக் கடை பூட்டியிருந்தால், நான் பிரதேச செயலாளராக இருந்தால் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘நடக்கலாம்’, ‘தெரியாது’, ‘உண்மையல்ல’, ‘நடந்திருக்கவில்லை’ ஆகிய நான்கில் ஒன்றைத் தமிழில் குறியுங்கள். அதன் பிறகே ஆங்கிலத்தை வலப்புறம் எழுதுங்கள். முதல் வாரத்தில் ஒரு வசனத்துக்கு இரண்டு நிமிடம்கூடச் செல்லும்; அவசரப்பட வேண்டாம். ‘நேற்றுக் கடை பூட்டியிருந்தால்’ என்பதை ‘பூட்டியிருந்தது என்றால்’ என்று மாற்ற முடிகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் ‘இஃப் த ஷொப் வாஸ் க்ளோஸ்ட் யெஸ்டர்டே’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்லுங்கள்.